குளத்துப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

பாலமுனை

அன்பின் தம்பி பஸாலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மதினியும் பிள்ளைகளும் சுகம். கட்டாரில் உன் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பறக்கத் தரட்டும். முப்பது வருசம் தபாற்கந்தோரில் இருந்தவன் நான், இந்த விசயத்தை வாட்ஸ்அப்பில் சொன்னால் மனம் ஆறாது.

போன மாதம் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம். முகம்மது தம்பியின் எருமைகள் குளத்தைக் கெடுக்கின்றன, அவற்றைத் தடுக்க வேண்டும் என்று பள்ளிவாசலுக்கு மனு எழுதியவன் நான்தான். அந்தப் பதினொரு எருமைகளை விட்டால் அந்த மனுசனுக்கு வேறு பிழைப்பில்லை என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. ஒலுவில் கம்பஸில் உயிரியல் படிக்கும் நம் மகள் ஹப்ஸா, "பொறுங்க வாப்பா, தண்ணியக் கேட்டுப் பாப்பம்" என்று போத்தல்களோடு தோணியில் ஏறினாள். துடுப்புப் போட்டவனும் நான்தான். ஏழு இடத்தில் தண்ணீர் எடுத்துக் கம்பஸில் கொண்டுபோய்ச் சோதித்தாள்.

நேற்று அஸறுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம். இஸ்திரி போட்ட சேட்டோடு நான் முன்வரிசையில்.

"எருமையில பிழையில்ல," என்றாள் ஹப்ஸா. "இது மனிசர்ர குடலில வாழுற பற்றீரியா. ஆர்ரயோ மலக்குழித் தண்ணி குளத்துக்கு வருது."

திரையில் குளத்தின் படம். ஒரு மூலையில் பெரிய சிவப்புப் புள்ளி. நான் எழும்பி, "அது ஆர்ர வீட்டுப் பின்பக்கம், மகள்? பயப்படாம சொல்லுங்க" என்றேன்.

"எங்கட வீட்டுப் பின்பக்கம், வாப்பா."

பத்து வருசத்துக்கு முன், மாரியில் மலக்குழி நிரம்பியபோது குளத்தை நோக்கி நான் புதைத்த குழாய் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சேட் வேர்வையில் நனைந்துவிட்டது. ஆனால் தம்பி, அவள் குரல் நடுங்கவில்லை. பெற்ற வாப்பாவுக்காக அந்தப் புள்ளியைக் கொஞ்சமும் சின்னதாக்கவில்லை. இப்படியொரு பிள்ளையைப் பெத்திருக்கன் எண்டு வெக்கத்த விடப் பெருமதான் எனக்குக் கூடுதல். சபையில் நின்று, "குழாய் என்ட. நானே உடைக்கன்" என்று சொல்லி, மனுவையும் வாங்கிக் கிழித்தேன். முகம்மது தம்பி வந்து என் கையைப் பிடித்தார். "மகளுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்புறன் ஸமட் காக்கா. உங்களுக்கில்ல."

உன் அறைத் தோழர்களுக்கும் இதை வாசித்துக் காட்டு. ஹப்ஸாவுக்காகத் துஆச் செய்.

இப்படிக்கு,
உன் காக்கா அப்துல் ஸமட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் குழாயைத் தோண்டிப் பார்த்தோம். உள்ளே மண் இறுகிக் கிடக்கிறது. வருசக்கணக்காக ஒரு சொட்டும் போயிருக்காது. இரண்டு முழம் தள்ளி இன்னொரு குழாய், நன்றாக ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், நீ வாடகைக்கு விட்டிருக்கும் பக்கத்து வீட்டு மலக்குழி. வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். சாச்சாட பேர, உன்ட பேரத்தான், முழுசா வாசிக்கவா எண்டு ஹப்ஸா கேட்டாள். ஓம் எண்டு சொல்லிட்டன்.