பதில் கூவல்

"பயம் வந்தா ஒரு கூவு கொடுங்க தாயி. நான் பதில் கூவுதேன். தோட்டத்துல அதான் முறை" என்று சொல்லிவிட்டுக் காவல்காரன் பெரியமுத்து ஏலச்செடிகளுக்குள் மறைந்தான்.

அகிலாண்டம் ஓடைப்பாறையில் தனியாக உட்கார்ந்தாள். பாலக்காட்டில் அவள் பள்ளிக்கூட டீச்சர். சில மாதங்களாகக் கை நடுங்குகிறது. கரும்பலகையில் எழுத்து கோணுகிறது. நடுக்கம் நின்றால்தான் வேலை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டாள். 'மலையில் அமைதியாக இருந்தால் நரம்பு தேறும்' என்று கணவரின் நண்பர், கம்பம்மெட்டில் இருந்த தம் ஏலத்தோட்டத்துக்கு அவளை அனுப்பி வைத்திருந்தார்.

அமைதி இருந்தது. இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வீட்டில் நாத்தனார்களின் சத்தத்துக்கு அடியில் கிடந்ததெல்லாம் இங்கே மெல்லத் தலைதூக்கியது. பட்டப்பகலில் மூடுபனி இறங்கியது. தன் நெஞ்சு அடிப்பதே யாரோ பின்னால் நடந்து வருவதுபோல் கேட்டது.

"கூ...!"

"கூ...!" மேட்டிலிருந்து பெரியமுத்து.

அப்பாடா. சற்று நேரம் ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு மறுபடி நடந்து வந்தது.

"கூ...!"

மேட்டிலிருந்து ஒரு கூவல். பள்ளத்திலிருந்து இன்னொன்று.

"பெரியமுத்து! நீயா ரெண்டு தடவை கூவினே?"

விலங்கு விரட்டும் தகரத்தோடு செடிகளை விலக்கிக்கொண்டு அவன் ஓடிவந்தான். "இல்லயே தாயி. இன்னிக்கு வேலைக்கு ஒரு ஆளும் வரலயே."

"அப்போ அது ஆராக்கும்?"

"என்ன எழவோ! தகரத்த அடிச்சா ஓடிரும்."

அடித்தான். ஓடவில்லை. கூவல் நெருங்கியது.

"இன்னும் ஓங்கி அடி!"

அடித்தான். கூவல் பாய்ந்து வந்தது.

"நிறுத்து, நிறுத்து!"

நிறுத்தினான். கூவலும் நின்றது. அது இன்னும் மோசம்.

"சாமி மந்திரம் ஏதும் சொல்லுங்க தாயி!"

"ஒண்ணும் ஞாபகம் வரலையே!"

இருவரும் பாறைமேல் ஏறி நின்றார்கள். எப்போது கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இருவருக்குமே தெரியாது. பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது. தன்னுடையதுதான் என்று அகிலாண்டம் குனிந்து பார்த்தாள். ஆடியது அவன் கை. அவளுடையது பேசாமல் இருந்தது.

புதர் விலகியது. காப்பித் தூக்கோடு மூச்சிரைக்க நின்றாள் அவன் மனைவி முத்துப்பேச்சி.

"கூவுனா, கேட்டவுக பதில் கூவணும்லா? கூவுனேன். தகரச் சத்தம் கேட்டுச்சு. ஆபத்துன்னு விழுந்தடிச்சு ஓடி வாரேன். கட்டுனவ கொரலு கூடவாய்யா தெரியல?"

அகிலாண்டம் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாயிற்று. "அவனைத் திட்டாதே. பாவம், எனக்குத் துணைக்கு வந்துதான் பயந்துபோயிட்டான்."

"துணைக்கா?" முத்துப்பேச்சி காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "சிறுத்தையப் பாத்ததுலேருந்து இவரு இந்த ஓடைப்பக்கம் தனியா வாரதே இல்ல. மலைக்காத்து நரம்புக்கு நல்லது, யாரையாச்சும் அனுப்பி வையுங்கன்னு மொதலாளி கால்ல விழுந்ததே இவருதான் தாயி!"