முழங்கை போனாலும் மேசையை விடமாட்டேன்

எட்மண்டனில் இருக்கும் அன்புள்ள தாரியா அக்காவுக்கு,

இங்கே மனிடோபாவில் பனிக்கும் என் வாய்க்கும் ஒரு குறைவும் இல்லை. நீயும் அத்தானும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் வலது முழங்கை நுனி முட்டை போல வீங்கிவிட்டது. சர்ச் கீழ்த்தளத்தில் விற்பனைக்காக, உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி வந்த வீக்கம், தெய்வத் தொண்டில் பட்ட காயம் என்று பெருமையோடுதான் டாக்டரிடம் போனேன். அவரோ, "டென்னிஸ் ஆடுவீங்களா?" என்றார். அப்படியானால் வெளிப்பக்கம் வலிக்குமாம். உள்பக்கம் வலித்தால் கோல்ஃபாம். என் உடம்பைப் பார்த்த பிறகும் ஒருவர் இப்படிக் கேட்டதால் அவரை எனக்குப் பிடித்தே போயிற்று. பனியில் விழுந்தீர்களா, மூட்டுவாதம் உண்டா, யூரிக் அமிலம் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு என் ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்தார். வலது முழங்கையில் மட்டும் ஓட்டை. "கையை எதுமேலயாவது ஊன்றிக்கிட்டு ரொம்ப நேரம் உட்காருவீங்களா?" நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் திமித்ரோ, "ஊன்றாம அவளுக்குப் பேச்சே வராது டாக்டர்" என்று போட்டுக் கொடுத்துவிட்டார். இனி முழங்கையை மேசையில் ஊன்றவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

இதை, கிள்ளும் மேசையில் என் பக்கத்தில் உட்காரும் நதால்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். சாயங்காலமே சமையற்கூடத்தை ஆளும் ஸ்டெஃபானியா போனில் வந்துவிட்டாள்.

"ஒரிஸ்யா, கிள்ளுற மேசை உனக்கு வேணாம். மூலையில பரஸ்காவோட உருளைக்கிழங்கு உரி."

"அவ வாயே திறக்கமாட்டாளே."

"அதான் மருந்து. நீ கிள்ளினதைவிட ஊன்றினதுதான் அதிகம்."

பாடகர் குழுத் தலைவர் போடன் திடீரென்று மீசையை எடுத்துவிட்டார் அக்கா. யாருக்காக என்று மேசையே இரண்டு கட்சியாகிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் நான் மூலைக்குப் போவதா? அந்த மேசையில் உட்காராவிட்டால் ஊரில் நடப்பதை நான் பிரசங்கத்தில் கேட்டா தெரிந்துகொள்வது? நாளைக்குத் தலையணையோடு போகிறேன். முழங்கைக்கு அடியில் அதை வைத்து, என் நாற்காலியிலேயே உட்காருவேன். ஸ்டெஃபானியா வேண்டுமானால் நாற்காலியோடு தூக்கிப் பார்க்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

வீக்கமும் குறையாத, வீம்பும் குறையாத உன் தங்கை,
ஒரிஸ்யா

பி.கு.: பரஸ்கா இப்போதுதான் கூப்பிட்டாள். அவள் வீடு போடன் வீட்டுக்கு நேர் எதிர் என்பது எனக்கு எப்படித்தான் மறந்ததோ. "மீசை போன கதை முழுசாத் தெரியும். ஆனா கிழங்கு உரிக்கிறப்பதான் எனக்குப் பேச வரும்" என்றாள். டாக்டர் பேச்சை மீறுவது நல்லதில்லை அக்கா. நாளை முதல் உருளைக்கிழங்கு.