தூசி மெஷினும் வீரமணியின் பாக்கியும்

முதலில் வாயைத் திறந்தவன் வீரமணி. இதை யாரும் மறந்துவிடக் கூடாது. தணிகைவேல் மறக்கவில்லை.

பண்டசோழநல்லூரில் வீரமணி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தல் முழுக்கச் சொந்தக்காரர்கள். மைக் செட்டு கரகரத்தது. தணிகைவேல் பெரிய மனசோடு எழுந்து, "நான் பாக்கறன்" என்று போனார். மைக்கில் கை படுவதற்குள் மச்சான்காரன் குறுக்கே பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"மாமா, நீங்க உக்காருங்க. உங்களுக்குப் பிரிக்கத்தான் தெரியும், பூட்டத் தெரியாது. எங்க அக்கா வூட்டு ஃபேனு இன்னும் சாக்குலதான கெடக்குது?"

அதுவரை கரகரத்த மைக் இந்தப் பேச்சை மட்டும் சுத்தமாக எடுத்துப் பந்தல் முழுக்கக் கொடுத்தது. சமையல்காரர் சிரித்தார். பந்திக்கு ரசம் ஊற்றியவன் சிரித்துக்கொண்டே பாயசத்தில் ரசத்தை ஊற்றினான்.

ஃபேன் சாக்கில் கிடந்தது உண்மைதான். அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து வீரமணி கையால் தணிகைவேல் வெற்றிலை வாங்குவதில்லை. வீரமணி பைக்கில் எதிரே வந்தால் பைக்குக்கு மட்டும் வழி விடுவார். சொந்தக்காரர்கள் முன்னால், அதே வாயால், 'மாமா பூட்டிட்டாரு' என்று அவன் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அது பாக்கி.

இந்த மாசியில் அந்தப் பாக்கியை வசூல் செய்ய வழி கிடைத்தது.

ஃபேன் சாக்கைக் கண்ணில் படாமல் ஒழிக்கத் தவளக்குப்பத்தில் ஆரோக்கியத்தின் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தார். அங்கே மூலையில் ஒன்று படுத்திருந்தது. பச்சை நிறம். தலைகாணி நீளம். இரண்டு பக்கமும் ஓட்டை. முதுகில் ஏதோ பிரெஞ்சு எழுத்து.

"இது இன்னா ஆரோக்கியம், குண்டா?"

"தூசி மெஷினு மாமா. வில்லியனூர்ல ஒரு சொல்தா வூடு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரு. வூட்ட விக்கறாங்க. அவரு பாட்டன் காலத்துது. பாதி சாமான் இல்ல. யார் பூட்டனாலும் ஓடாது."

யார் பூட்டினாலும் ஓடாது. தணிகைவேலுக்குக் காது விடைத்தது. இதை ஓட்டிவிட்டால் வீரமணி எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவான்? சாக்கை அங்கேயே இறக்கினார். மெஷினை மொபெட்டில் முன்னால் நிறுத்தி, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் மெதுவாக ஓட்டி வந்தார்.

வாசலில் மனைவி தையலம்மாள் நின்றாள்.

"ஃபேன் சாக்கு எங்க?"

"குடுத்துட்டு இத்த வாங்கினன்."

"குடுத்துட்டீங்களா? ரிப்பேர்காரன இன்னிக்குத்தான் வரச் சொன்னன். உளுந்து ரோட்டுல கெடக்குது. காத்து ஒரு பொட்டு இல்ல. எத்த வச்சித் தூத்தறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாகூர் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி, பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து, காய் உடைந்து உளுந்தும் பொட்டுச் சருகும் தூசியுமாகக் குவிந்து கிடந்தது. பஸ் மிதிக்கும். தூற்றாது.

"காத்துதான, வரும். இது ஓடட்டும். உன் தம்பி வந்து எல்லார் எதுக்கவும் சொல்லட்டும்."

"இன்னா சொல்லணும்?"

"அது அவனுக்குத் தெரியும்."

தையலம்மாள் மெஷினை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். உள்ளே போனாள்.

தணிகைவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினைப் பிரித்துப் போட்டார். பிரிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். மோட்டார் நன்றாக இருந்தது, அதற்குக் கரண்டைக் கடத்தும் கரிக்கட்டை மட்டும் இல்லை. டார்ச்லைட் பேட்டரியை உடைத்தார், நடுவில் இருந்த கரிக்குச்சியை எடுத்து அம்மிக்கல்லில் தேய்த்தார். அன்றைக்குச் சட்னி கறுப்பாக வந்தது. தரையில் சறுக்கும் கால் ஒன்று காணோம். சைக்கிள் மட்கார்டை வெட்டி வளைத்தார். தூசியை அள்ளும் அகன்ற வாய் இல்லை. மண்ணெண்ணெய்ப் புனலைச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கினார்.

"இன்னாங்க, என் பாவாடை எங்க? ஊதாப் பாவாடை."

"எந்தப் பாவாடை?"

"கொடியில போட்டது."

"தூசிப் பைக்கு நல்ல துணியா வேணும் தையலு. நெருக்கமா நெய்ஞ்சிருக்கணும். தூசி உள்ளப் போவணும், காத்து வெளிய வரணும்."

"பொங்கலுக்கு எடுத்தது."

"அதான் நெருக்கமா இருந்திச்சி."

பெரிய தலைவலி பைப்புதான். கடைசியில் இஞ்சின் கொட்டகையில் கிடந்த பச்சைச் சுருள் பைப்பில் ஒரு துண்டு வெட்டினார். மெஷினின் ஒரு ஓட்டை பெரிசு, மறு ஓட்டை சிறிசு. பைப்பு சிறிய ஓட்டையில் தைத்து வைத்தாற்போல் கச்சிதமாக உட்கார்ந்தது. இதற்காகத்தான் அந்த ஓட்டையையே செய்திருக்கிறான் வெள்ளைக்காரன் என்று தணிகைவேல் நெகிழ்ந்தே போனார்.

கூடத்தில் அடுப்புச் சாம்பலை ஒரு படி கொட்டிப் பரப்பினார். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சுவிட்சைப் போட்டார்.

மெஷின் உறுமியது. உறுமிய உறுமலில் பல்லி சுவரைவிட்டுக் குதித்தது. "ஓடுது தையலு" என்று கத்திக்கொண்டே புனல் வாயைச் சாம்பலில் வைத்தார். சாம்பல் உள்ளே போகவில்லை. மொத்தமாக எழுந்து நின்று, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலண்டர், டிவி, சாமி படம், தணிகைவேல் என்று எல்லோர் மேலும் சமமாக இறங்கியது.

சுவிட்சை அணைத்தார். கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றார். தையலம்மாள் மெஷினின் மறுபக்கம் குனிந்து தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. சர்க்கரை தூக்கலாக டீ வந்தது. தணிகைவேலுக்குப் பயம் வந்தது.

"உறிஞ்சலியே தையலு. ஊதுது."

"ஆரோக்கியம் இன்னான்னு சொல்லிக் குடுத்தாரு?"

"தூசி மெஷினுன்னு."

"உறிஞ்சும்னு சொன்னாரா?"

தணிகைவேல் யோசித்தார். "சொல்லல."

"இப்ப வர மெஷினு உறிஞ்சும். இது பாட்டன் காலத்துது. வெள்ளக்காரன் அன்னிக்குத் தூசிய வெளிய ஊதித்தான் தள்ளியிருப்பான். நீங்க சரியாத்தான் பூட்டியிருக்கீங்க."

நீங்க சரியாத்தான் பூட்டியிருக்கீங்க. கல்யாணம் ஆன நாளாக அவள் வாயில் இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

"அப்ப உன் தம்பிய வரச் சொல்றன்."

"நானே சொல்றன். ஞாயித்துக்கிழமை வரட்டும். எல்லாரும் வரட்டும். சும்மா தரையில ஊதனா யாருக்குத் தெரியும்? நம்ம உளுந்த ஊதிக் காட்டுங்க. பொட்டு அந்தாண்ட, பருப்பு இந்தாண்டன்னு விழும்போது அவன் வாயே தெறக்க மாட்டான்."

"வாயத் தெறந்து சொல்லணும். அதான வேணும்."

"சொல்லுவான், சொல்லுவான்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தணிகைவேல் வெள்ளைச் சட்டை போட்டார். மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். ரோட்டில் கிடந்த உளுந்தை வாசலில் கொண்டுவந்து குவித்தார். பந்தலில் சிரித்த சொந்தக்காரர்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மகாலட்சுமி முறத்தோடு வந்தாள். வீரமணி டிராக்டரில் வந்தான். பின்னால் டிரெய்லரில் ஆறேழு மூட்டை.

"அது இன்னா மூட்டை?" என்றார் தணிகைவேல்.

"எங்க உளுந்து மாமா. அக்காதான் எடுத்தாரச் சொல்லுச்சி. எங்க ஊர்லயும் காத்து இல்ல."

யோசிக்க நேரமில்லை. சுவிட்சைப் போட்டார். மெஷின் உறுமியது. தையலம்மாள் முறத்தைத் தலைக்குமேல் தூக்கிச் சரித்தாள். தணிகைவேல் பைப்பைப் பிடித்தார். பொட்டு பறந்தது. உளுந்து கறுகறுவென்று காலடியில் கொட்டியது. கூட்டம் கை தட்டியது. மகாலட்சுமி, "அண்ணன் கையில காத்த வச்சிருக்காரு பாரு" என்றாள். தணிகைவேல் உடம்பு பூரித்துப் பைப்பை இப்படியும் அப்படியும் சுழற்றினார். தன் உளுந்து முடிந்தது. வீரமணி உளுந்து முடிந்தது. மகாலட்சுமி உளுந்து முடிந்தது. வெள்ளைச் சட்டை மண் நிறமானது. முகத்தில் மூக்கு எது, பொட்டு எது என்று தெரியவில்லை.

மெஷினை அணைத்து, எல்லோரும் பார்க்க வீரமணி முன்னால் போய் நின்றார்.

"இப்ப சொல்லு."

"இன்னா மாமா சொல்லணும்?"

"பூட்டிட்டனா இல்லியா?"

வீரமணி மெஷினைச் சுற்றி வந்தான். தாடையைத் தடவினான்.

"இது இன்னா மெஷினு மாமா?"

"தூசி மெஷினு."

"பாண்டியில ஒரு ஓட்டல்ல பாத்தன். பழைய மாடலுதான். அது தூசிய உறிஞ்சிச்சி. இது ஊதுது. சரியாப் பூட்டியிருந்தா உறிஞ்சியிருக்குமே. உறிஞ்சட்டும், அன்னிக்கு மைக் வச்சே சொல்றன்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பழைய சிரிப்புக்கு மேல் புதுச் சிரிப்பு. வீரமணி சுத்தமான உளுந்தை டிரெய்லரில் ஏற்றி, அக்கா கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, டிராக்டரைக் கிளப்பினான். கூட்டமும் கலைந்தது.

தணிகைவேல் காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். தலையில் பொட்டு, தோளில் பொட்டு.

தையலம்மாள் வந்தாள். பச்சைப் பைப்பைச் சிறிய ஓட்டையிலிருந்து உருவினாள். அதன் முனையில் பழைய துணியைச் சுற்றினாள். மெஷினின் மறுபக்கம் இருந்த பெரிய ஓட்டையில் செருகித் திருகினாள். சுவிட்சைப் போட்டாள். புனல் வாயை அவர் தோளில் வைத்தாள். தோளில் இருந்த பொட்டெல்லாம் சர்ரென்று உள்ளே போனது. சட்டைக் காலரும் பாதி போனது.

தணிகைவேல் குனிந்து புனல் வாயைப் பார்த்தார்.

"உறிஞ்சுது."

"அந்தாண்ட ஊதனா இந்தாண்ட உறிஞ்சும். அன்னிக்கே என் முந்தானைய இழுத்துச்சே."

"அன்னிக்கே தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வூட்ட மட்டும்தான கூட்டியிருப்பீங்க. உளுந்த யாரு தூத்துவா? ஃபேனத்தான் தூக்கிக் குடுத்துட்டீங்களே. அதுவும் இல்லாம அவன் என் கூடப் பொறந்தவன். அத்தினி பேர் எதுக்க அவன் தலை குனிஞ்சி நிக்கறத நான் பாக்கணுமா?"

தணிகைவேல் எகிறி எழுந்தார். போனை எடுத்தார். "இப்பவே கூப்பிடறன். உறிஞ்சினா சொல்றன்னு சொன்னான். எல்லாரும் கேட்டாங்க. மைக் வச்சே சொல்லணும். இப்பவே திரும்பி வரட்டும்."

"போன வைங்க. நான் முன்னியே பேசிட்டன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரான்."

"வரானா? நெஜமாவா? இத்தப் பாக்கவா?"

தையலம்மாள் பெரிய ஓட்டையிலிருந்து பைப்பை உருவி, அவர் கையில் கொடுத்தாள்.

"பச்சைப்பயறு எடுத்தாரான். இத்த சின்ன ஓட்டையிலியே மாட்டி வைங்க."