கிள்ளிக் கிள்ளி விளைத்த கொண்டைக்கடலை

அரைகுறையாகப் படித்தவனை நம்பி நிலத்தைக் கொடுக்கக் கூடாது. நான் சொன்னால் நம்பலாம். அந்த அரைகுறை நான்தான்.

திருத்தணிக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு நிலம். வழக்கமாக வேர்க்கடலை போடுவார். நான் அரக்கோணத்தில் மளிகைக்கடை வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்த தைரியத்தில், "கொண்டைக்கடலை போடலாம் மாமா. அமோகமா வெளைய வெச்சுக் காட்றேன்" என்றேன்.

அவர் அரை ஏக்கரைக் காட்டினார். "இதுல காட்டுங்க மாப்ள. வெளைஞ்சா மொத்த நெலத்தையும் நீங்களே பாத்துக்கோங்க. இல்லன்னா கடைக்கே போயிடுங்க."

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். விளைகிற கடலையில் மலைக்கோயில் கிருத்திகைக்குச் சுண்டல் தருகிறேன் என்று முருகனையும் உள்ளே இழுத்துவிட்டேன்.

செடிக்கு ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளிவிட்டால், பக்கக் கிளை வெடித்துக் காய் கூடும். பயிற்சியில் சொன்ன சரியான பாடம்தான். ஒரே ஒரு தடவைதான் கிள்ள வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்ததாம். (அப்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.)

கிள்ளிய கொழுந்தை வீணாக்க மனமில்லாமல் என் மனைவி சரளா பருப்போடு சேர்த்துக் கடைந்தாள். லேசான புளிப்பு. மாமனார் மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கினார். மறுநாள் பாதி ஊர் எங்கள் வயலில் நின்றது.

"இன்னா பாவா, கிள்றதுக்கு ஆள் பத்தலையாமே?" என்றான் மச்சான், கையில் கூடையோடு.

"ஆங், வாங்க வாங்க! கிள்ளக் கிள்ளக் கிளை வெடிக்கும்!"

வெடித்தது. அதையும் கிள்ளினார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து சரளாவின் சித்தி பஸ் பிடித்து வந்து கிள்ளினார். வந்தவர்களுக்கெல்லாம் நகம் படாமல் கிள்ளுவது எப்படி என்று வகுப்பெடுத்து, நன்றியும் சொல்லி அனுப்பினேன்.

"ஊரே கிள்ளிக்கினு இருக்குதே மாப்ள, செடிக்கு ஏதாவது மிச்சம் வெப்பீங்களா?" என்றார் மாமனார்.

"மகசூல் உள்ளுக்குள்ள சேந்துகினு இருக்குது மாமா" என்றேன். (என் வாய்க்கு மட்டும் வறட்சியே கிடையாது.)

அறுவடையில் ஒரு சொம்புக் கடலை தேறியது. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கிருத்திகைச் சுண்டலுக்கு அரக்கோணத்தில் நான் விட்டுவந்த அதே கடைக்குப் போய்க் கொண்டைக்கடலை கேட்டேன். முதலாளி என் பழைய ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இன்றுவரை அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமனார் அந்த அரை ஏக்கரில் மட்டும் வருஷா வருஷம் கொண்டைக்கடலை போடுகிறார், கீரைக்காக. அவர் வீட்டு விருந்தில் சுண்டல் வாளி என் இலையருகே வந்தால் போதும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் வரும்:

"மாப்ளைக்கு அது வேணாம்மா, கீரை வையி. அவரு வெளைய வெச்சது அதான்!"