கூடுதல் காலம் கேட்பவர்

அடிக்கோலின் விளிம்பு ஒரு தேதியின் கீழே நிற்கிறது. வலது கையில் பென்சில். இடது கை முஷ்டியாக மடிந்திருக்கிறது. மாதத்துக்கு எத்தனை நாள் என்று பென்சில் முனை விரல் முட்டியிலும் பள்ளத்திலும் மாறி மாறித் தாவுகிறது: முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று. சுண்டுவிரலுக்கு வந்ததும் நிற்கிறது. ஒரு சின்ன "ம்". பிறகு மறுபடியும் ஆள்காட்டி விரலிலிருந்து. கணிப்பொறி இதே விடையை எப்போதோ சொல்லிவிட்டது. இருந்தாலென்ன, கணிப்பொறிக்கு முட்டி கிடையாதே.

வாசகரே, கூடுதல் காலம் கேட்பவர் என்ற இனத்தின் கைகள் இவை. எங்கள் ஹேக் நகரத்தில் காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகம் என்று பலகை மாட்டிய எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், ஜன்னலில்லாத அறையில் ஒருவரைப் பார்க்கலாம். ஆபத்தில்லாதவர். உணவு: ரொட்டி, பாலாடைக்கட்டி, தேதிகள்.

அவருடைய தொழில் இதுதான். புது மருந்து ஒன்றுக்குக் காப்புரிமை இருபது வருஷம். ஆனால் அந்த மருந்தை விற்கலாம் என்று அரசாங்கம் அனுமதி தருவதற்குள் பாதி வருஷங்கள் கரைந்துவிடுகின்றன. ஐயோ பாவம் என்று சட்டம் இரங்கி, இருபது முடிந்த பிறகு வால் போல ஒட்டிக்கொள்ள ஒரு துணைச் சான்றிதழ் தருகிறது. காப்புரிமை கேட்ட நாளிலிருந்து விற்பனை அனுமதி கிடைத்த நாள் வரை எண்ணுங்கள். அதில் ஐந்து வருஷத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் வாலின் நீளம். மிச்சம் ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் ஐந்தோடு நறுக்கிவிடுவார்கள். எதற்காக ஐந்தைக் கழிக்க வேண்டும்? எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், அந்தக் கைகள் என்னுடையவை.

இதைச் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு முன் இருந்த குமாஸ்தாக்கள் பழைய கோப்புகளின் ஓரங்களில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கணக்கை மட்டுமா கற்றேன்? குணத்தையும்தான். பல் மருத்துவர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னால் அடுத்த செவ்வாய் ஆகாதா என்று கேட்பது, நூலகப் புத்தகத்தைப் புதுப்பிக்க முடிந்த கடைசித் தடவை வரை புதுப்பித்துவிட்டுப் படிக்காமலே திருப்பித் தருவது, பால் உறையின் தேதி முடிந்த காலையில் "முடிவது எந்த மணிக்கு என்று போடவில்லையே" என்று ஊற்றிக் குடிப்பது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று லீஸ்பெத் கேட்டபோது யோசிக்க ஆறு வாரம் தவணை கேட்டு நாற்பத்திரண்டாம் நாள் மாலை "சரி" என்று சொன்னது, எல்லாம் அந்தப் பென்சில் எழுத்தோடு சேர்ந்து வந்தவை. அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

இந்த இனம் அடிக்கடி உதிர்க்கும் வாசகங்கள் இரண்டு. ஒன்று, "இன்னும் நாள் இருக்கு." மற்றது, "இன்னும் ஒரு தடவை பார்த்துடலாம்."

சட்டமும் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. கூடுதல் காலம் கேட்பதற்கு, விற்பனை அனுமதி கிடைத்ததிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குக் கூடுதல் காலம் கிடையாது.

இனி என் கதை. வடக்கே குரோனிங்கன் என்ற ஊரில் டாக்டர் ஓன்னோ என்பவர் முப்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மருந்து நிறுவனம் நடத்துகிறார். அவர்களிடம் இருப்பது ஒரே மாத்திரை. சிறுநீரக நோய் ஒன்றுக்கானது, பெயர் ரெனாலிசா. முப்பது பேரின் சோறும் அதில்தான். காப்புரிமை கேட்டதிலிருந்து அனுமதி கிடைக்க ஒன்பது வருஷம், நான்கு மாதம், பதினோரு நாள். ஐந்தைக் கழித்தால் நான்கு வருஷம், நான்கு மாதம், பதினோரு நாள் வால். விண்ணப்பத்தைத் தயார் செய்பவன் நான். கையெழுத்துப் போட்டு அனுப்புபவள் வீட்ஸ்கே. என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள், எங்கள் அலுவலகத்தின் வழக்கறிஞர். தேதி விஷயத்தில் என்னை முழுதாக நம்பிக்கொண்டிருந்தாள். பாவம்.

கோப்பைப் புரட்டும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். அனுமதியில் கையெழுத்தானது டிசம்பர் பதினான்கு. அந்தக் கடிதம் ஓன்னோவின் கைக்கு வந்தது பத்தொன்பது. கைக்கு வந்த நாளை வைத்துத்தான் வாலை அளக்க வேண்டும் என்று லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆக, பதினோரு நாள் அல்ல, பதினாறு நாள்! ஐந்து நாள் லாபம்! அன்று மதியம் நான் இரண்டாவது காப்பி குடித்தேன். எங்கள் இனத்தில் அது ஏறக்குறைய நடனம்.

அதோடு நின்றிருக்கலாம். வாலை அங்கிருந்து அளந்தால், விண்ணப்பிக்கும் ஆறு மாதத்தையும் அங்கிருந்தே எண்ணலாம் என்று முடிவு செய்தேன். ஜூன் பதினான்கு, பத்தொன்பதாக நகர்ந்தது. அலுவலகப் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். வீட்டிலும், எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில், அத்தைமார்களுக்கும் கொழுந்தியாள் பிள்ளைகளுக்கும் நடுவே எழுதி, சிவப்பு மசியில் மூன்று கோடு போட்டேன். "ரெனாலிசா என்னாச்சு?" என்று வீட்ஸ்கே கேட்கும்போதெல்லாம் "இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை, லீஸ்பெத்தின் பிறந்தநாள். மதியம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரியை மட்டுமல்லாமல் அவள் புருஷனை, அம்மாவை, பக்கத்து வீட்டுக்காரரைக்கூட வாழ்த்திக்கொண்டிருந்தோம். வீட்ஸ்கேயும் வந்திருந்தாள். கழிப்பறைக்குப் போன மாமியார் கையில் காலண்டரோடு திரும்பி வந்தார்.

"மாப்ள, யாரு இந்த ரெனாலிசா?"

வட்டம் முழுவதும் முள்கரண்டிகள் நின்றன.

"அத்தை, அது வந்து..."

"என் பொண்ணு பேருக்கு ஒரு கோடுகூட இல்ல. இவளுக்கு மட்டும் மூணு கோடு. அதுவும் செவப்பு!"

"அம்மா, அது மாத்திரைம்மா," என்றாள் லீஸ்பெத், கேக்கை வெட்டிக்கொண்டே. "வேற பொண்ணு பின்னாடி போறதுக்கெல்லாம் இவருக்கு ஏது துணிச்சல்? அவகிட்டயும் ஆறு வாரம் தவணைல்ல கேட்பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள், வீட்ஸ்கேயைத் தவிர.

"எந்தத் தேதில எழுதியிருக்கும்மா?" என்று மாமியாரிடம் கேட்டாள் வீட்ஸ்கே.

"பத்தொம்பதுல."

வீட்ஸ்கே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆல்டர்ட், கையெழுத்தானது டிசம்பர் பதினாலு. இன்னிக்கு ஜூன் பதினாலு."

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு வீட்ஸ்கே. கடிதம் கைக்கு வந்த தேதியை வெச்சுப் பார்த்தா..."

"வாலுக்கு அது சரி. தலைக்கும், அதான் விண்ணப்பிக்கிற கெடுவுக்கும், அப்படித்தான்னு யார் சொன்னா?"

"அதே கணக்காத்தான் இருக்கணும். இருக்கலாம்."

"இருக்கலாம்!" அவள் எழுந்தே விட்டாள். "காப்புரிமை ஆபீஸ்ல பதினாலுதான் கெடுன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் ஓன்னோவுக்கு போன் போட்டு என்ன சொல்லட்டும்? நாலு வருஷம் நாலு மாசம் மொத்தமாப் போச்சு, ஆனா அந்த அஞ்சு நாள் விஷயத்துல எங்க ஆல்டர்ட் கணக்கு அப்பழுக்கில்லாததுன்னு சொல்லட்டுமா?"

வாலில் சம்பாதித்த ஐந்து நாளைத் தலையிலேயே தின்று தீர்த்திருந்தேன்.

"விண்ணப்பம் எங்க?"

"என் பையில."

"பை?"

"மாடிப்படிக்குக் கீழ. இன்னும் ஒரு தடவை பார்த்துடலாம்னு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்."

"எத்தனாவது தடவை?"

"ஏழாவது."

முதல் ஆறு தடவையில் நான் செய்த திருத்தம் என்ன தெரியுமா? ஒரு காற்புள்ளியை எடுத்தேன். பிறகு திரும்ப வைத்தேன்.

அவள் கேக் தட்டைத் தள்ளிவிட்டு மேசையிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். மாமியார் தன் பேனாவை நீட்டினார். "பதினாறு நாளும் கேட்போம்," என்றாள் வீட்ஸ்கே. "உங்க அஞ்சு நாளை நான் விடமாட்டேன். ஆனா இன்னிக்கே கேட்போம்." கையெழுத்துப் போட்டாள். அப்போது மணி மூன்று இருபது. சைக்கிளில் அலுவலகம் பத்து நிமிடம். அங்கே அவள் கணிப்பொறியில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நான் இதற்குள் பக்கங்களை அடுக்கி, ஓரம் தட்டி, உறையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். வெளியே தூறல். மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி அவள் கையை நீட்டினாள்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். ஆனால் எழுதி முடித்தும் அனுப்பாத அந்தக் கடிதம் உங்கள் மேசை இழுப்பறையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது? அண்ணனிடம் பேசிவிடலாம் என்று நினைத்தது எந்த மாதம்? நாள் இருக்கிறது என்கிறீர்கள். அந்த நாளை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அப்படியே உங்கள் இடது கையையும் பாருங்கள், முட்டிகளை எண்ணுவதற்காக மடிந்திருக்கப் போகிறது.

"ஆல்டர்ட், கொடுங்க."

"மூணாம் பக்கத்துல அந்தக் காற்புள்ளியை மட்டும்..."

"ஆல்டர்ட்!"

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "மாப்ள, குடுத்துத் தொலைங்களேன்!"

கொடுத்தேன்.