பிடோக் பஸ் அடுத்தது வரும்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பெட்டியை எடை போட்டது. விமானத்தில் கையோடு ஏழு கிலோவுக்கு மேல் கொண்டுபோக முடியாது. எடைக்கருவியில் முதலில் நான் தனியாக ஏறினேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கழித்துப் பார்த்தேன். அதிகமாக இருந்தது.

"நீ ரெண்டு கிலோ இளைச்சிட்டா சரியாப் போயிடும் பாப்பா" என்றார் அம்மா.

நான் பொறியாளர். அந்தக் கணக்கு ஏன் தப்பு என்று விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவர் பெட்டியிலிருந்து செருப்பை வெளியே எடுத்துவிட்டு ஊறுகாயை உள்ளே வைத்திருந்தார்.

வாசகரே, நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்திருக்கும் உயிரினத்தின் பெயர் முதல்நாள் சிக்கனப் பயணி. தன்னந்தனியாக, மலிவாக, முதல்முறையாக வெளிநாடு போகிறவர். எல்லா விமான நிலையங்களிலும் காணப்படுவார். சுவரோரம், சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில். நான் நெருங்கி ஆராய்ந்தது ஒரே ஒரு மாதிரியைத்தான்: என் அம்மா ரஞ்சிதம், திருச்சி, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே விவரிப்பது அறிவியல் ஆகாது. தெரியும். ஆனால் மாதிரி அப்படிப்பட்டது.

இந்த இனம் சும்மா ஊர் சுற்றப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் இருக்கும். அம்மாவின் காரியம் சிங்கப்பூரில், பிடோக் என்கிற பகுதியில் இருந்தது. அவருடைய அக்கா உர்சுலா அங்கேதான் கல்யாணமாகிப் போய் வாழ்கிறார். என் அண்ணன் கல்யாணத்துக்கு அம்மா அவருக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரியம்மா வரவில்லை. "காய்கறிக்கடைத் தள்ளுபடிகூட அதுலதான் வருது. கூடப் பொறந்தவளுக்கும் அதுலயாடீ?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது. என் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா முடிவு செய்துவிட்டார்: கடல் தாண்டிப் போய், கதவைத் தட்டி, தட்டில் பழமும் பூவும் வைத்து, நேரில் அழைப்பது. முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்பது. கதவைத் திறப்பாரா, திறந்த கையோடு சாத்துவாரா? அது தெரியாததால் அக்கா வீட்டில் தங்கும் பேச்சே இல்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு விடுதியில், பலர் படுக்கும் அறையில், ஒரு கட்டில்.

அன்று முழுக்க, இலவச வைஃபை கிடைத்த இடங்களிலெல்லாம் நின்று எனக்குக் குரல்செய்தி அனுப்பினார். என் ஆராய்ச்சிக்கு அவைதான் ஆதாரம்.

இனத்தின் முதல் அடையாளம்: இலவசம் என்றால் கால் தானாக நிற்கும். விமான நிலையத்தை ஒட்டிய கட்டடத்துக்குள்ளேயே அருவி கொட்டுகிறது, அதற்கு டிக்கெட் கிடையாது, காவலாளி விரட்டவும் மாட்டார் என்று தெரிந்ததும் அம்மா கீழ்த்தளத்திலிருந்து பார்த்து, மேல்தளத்திலிருந்து பார்த்து, ரயிலில் போய்க்கொண்டே பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு அந்த ரயிலையும் பிடித்துப் போய்ப் பார்த்து, அதே ரயிலில் திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

"பாப்பா, கட்டடத்துக்குள்ள அருவிடீ! குத்தாலம் தோத்துச்சு. ஆனா பாவம், ஒருத்தர்கூட எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கல."

இரண்டாம் அடையாளம்: விலைப்பலகையைப் பார்த்ததும் உதடு அசையும். செபம் என்று நினைத்துவிடாதீர்கள். பெருக்கல்.

மூன்றாவது, வெளிநாட்டுக்கு வந்ததும் உள்ளூரைத் தேடுவது. இட்லியைத் தின்று அலுத்துத்தானே விமானம் ஏறினீர்கள்? அப்புறம் ஏன் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டில் இறங்கியதும் இட்லிக் கடைக்குள் நுழைகிறீர்கள்? நுழைந்து, தின்று, "நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்று புகழ்ந்து, வெளியே வந்து, "நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கு" என்று அலுத்துக்கொள்வது எதனால்?

விடுதி வரவேற்பு மேசையில் இருந்தவர் ஃபர்சானா.

"ஆன்ட்டி, உங்களுக்கு மேல் கட்டில் போட்டிருக்கு. ஏணி ஏறணும். கீழ மாத்தித் தரேன் லா, சேம் பிரைஸ்தான்."

"வேணாம்மா. ரயில்ல அப்பர் பெர்த்து கேட்டுக் கேட்டு ஒரு தடவைகூடக் குடுத்ததில்ல. இங்கயாவது படுத்துப் பாக்குறேன்."

"இங்க யாரையாச்சும் பார்க்க வந்தீங்களா?"

"எங்கக்கா இருக்கா. பிடோக்குல."

"அக்கா இருந்துமா ஹாஸ்டல்ல தங்குறீங்க?"

"அது பெரிய கதைம்மா. இந்தத் தண்ணி குழாய்லயே புடிச்சுக் குடிக்கலாமா?"

நான்காம் அடையாளத்தைக் கவனித்தீர்களா? காரியத்தைத் தொட்டால் பேச்சு குழாய்த் தண்ணீருக்குப் போய்விடும்.

பெட்டியை வைத்துவிட்டுப் பத்திரிகையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பஸ் நிறுத்தத்தில் பிடோக் என்று போட்ட பஸ் வந்தது. கதவு திறந்தது. அம்மா நகரவில்லை. கதவு மூடியது. "முகமெல்லாம் பிளேன் முகமா இருக்கு பாப்பா. வெறும் வயித்தோட வேற போயி நிக்கக் கூடாது. அடுத்தது வரும்." இட்லி சாப்பிட்டு அரைமணி ஆகவில்லை.

ஆக, பக்கத்திலேயே, பல கடைகளுக்கும் பொதுவாக மேசைகள் போட்ட தேக்கா உணவு நிலையம். அங்கேதான் இந்த இனத்தின் வரலாற்றில் இடம்பெறவேண்டிய அந்தச் சம்பவம் நடந்தது. மதிய நேரம். ஆளில்லாத மேசை ஒவ்வொன்றிலும் ஒரு டிஷ்யூ பாக்கெட். அம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இவ்வளவு பணக்கார ஊரில் இவ்வளவு ஞாபகமறதியா? மேசை மேசையாகப் போய் எல்லாவற்றையும் பொறுக்கி, முந்தானையில் சேர்த்து, தேத்தண்ணீர்க் கடைக்காரரிடம் கொண்டுபோய், "யாராச்சும் தேடி வந்தாக் குடுத்துடுங்க" என்று ஒப்படைத்தார். தட்டுகளோடு திரும்பி வந்தவர்கள் தங்கள் மேசைகளில் வேறு யாரோ பிரியாணி சாப்பிடுவதைக் கண்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஜெய் என்கிற இளைஞர்; கழுத்தில் அலுவலக அட்டை, கையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டு, முகத்தில் அழுகை.

"ஆன்ட்டி, அது மறந்து வெச்சதில்ல. இடம் பிடிக்க வெச்சது."

"இடம் பிடிக்கவா? எங்க ஊர்ல பஸ்ஸுக்குள்ள துண்டு போடுவோம். அதையே தூக்கி எறிஞ்சிட்டு உக்காந்துக்குவாங்க. இந்தக் காகிதத்துக்கா நீங்க மரியாதை குடுக்குறீங்க?"

"இங்க இதான் ஆன்ட்டி. யாரும் தொட மாட்டாங்க."

"தொட மாட்டாங்களா!" என்றார் அம்மா. திருடன் இல்லாத நாட்டைக் கண்ட குரல் அது. பிறகு நடந்ததுதான் இந்த இனத்தின் மகத்துவம். தேத்தண்ணீர்க் கடைக்காரரிடமிருந்து ஒரு பாக்கெட்டைத் திருப்பி வாங்கினார். பூங்காவில், நூலகத்தில், சைனாடவுனில் மாரியம்மன் கோயிலுக்கு எதிரில், போன இடத்திலெல்லாம் அதை வைத்து இடம் பிடித்தார். தள்ளி நின்று யாரும் தொடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அப்புறம் போய் உட்கார்ந்தார். கோபுரத்தைப் பார்த்து அண்ணாந்து சிலுவை போட்டுக்கொண்டதாகவும் ஒரு செய்தி சொல்கிறது. பழக்க தோஷம்.

"அம்மா, பிடோக்?" என்று தட்டச்சு செய்தேன்.

"போறேன்டீ. இப்ப ஆபீஸ் விட்டு வர்ற நேரம், பஸ்ஸு நெரிசலா இருக்கும். இங்க மரினா பேல லேசர் ஷோவாம், ஓசியாம். அத மட்டும் பாத்துட்டு."

பார்த்தார். விளக்குகள் தண்ணீரில் ஆட, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பம் அவரையும் தங்கள் செல்ஃபியில் சேர்த்துக்கொள்ள, முந்தின நாள் வரை திருச்சியைத் தாண்டித் தனியாகப் போயிராத பெண்மணி "ஓ!" என்று கத்தியது எனக்குப் பதிவாகி வந்திருக்கிறது. அதற்கடுத்த செய்திதான் கடைசி. "பாப்பா, நாளைக்குக் காலையில மொதல் வேலை அதான். குளிச்சு, பச்சைப் பொடவை கட்டிக்கிட்டு, பூ வாங்கிட்டுப் போறேன். அவ திட்டுனாலும் திட்டட்டும். நேர்ல திட்டட்டும். கேட்டு எவ்ளோ நாளாச்சு."

இரண்டாம் நாள் பற்றி என்னிடம் தரவு இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது. காலையில் கட்டில் திரையை விலக்கிப் பார்த்தவர் ஃபர்சானா.

பெரியம்மாவுக்குத் தகவல் சொன்னேன். அழைக்கவில்லை. நல்லதுக்குத்தான் அழைக்கவேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே வருவார்கள். வீட்டுச் செருப்போடு பிணவறை வாசலுக்கு ஓடி வந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்து, அம்மாவின் கைப்பையைத் திறந்து, பெரியம்மா பெயர் எழுதிய பத்திரிகையை எடுத்து நீட்டியபோது இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இங்க வெச்சு வாங்க மாட்டேன்டீ. வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கட்டும்."

யார் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசகரே, நான் வெளிநாடே போனதில்லை, இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? இதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. நீங்கள் போய்ப் பார்க்கவேண்டிய ஒருவர் ஏதோ ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகாமலிருக்க இன்று என்னென்ன இலவசங்களில் பொழுதைப் போக்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கட்டுரையையும் சேர்த்து.

என் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. புதிய தேதி குறித்தாகிவிட்டது. உள்ளூரில் எல்லாருக்கும் நேரில் போய்ப் பத்திரிகை வைத்தாயிற்று. பிடோக்குக்கு இன்னும் யாரும் போகவில்லை.