சும்மா நிற்கிறவர்

மோனிஷாவின் தாளில் தன் பெயருக்கு நேரே 'சும்மா நிற்கிறார்' என்று மூன்று இடத்தில் எழுதியிருப்பதை தண்டாயுதபாணி எட்டிப் பார்த்துவிட்டார்.

குமாரபாளையத்துப் பெட்ஷீட் குடோனில் இருபத்திரண்டு வருடமாகச் சூப்பர்வைசர். மற்ற மூன்று பேருக்கும் மூச்சுவிட நேரமில்லைதான். ஆனால் நின்று பார்ப்பதுதானே சூப்பர்வைசர் வேலை? அதை யாரிடம் போய்ச் சொல்வது! ஊர் உலகத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் புத்தி சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒன்றை முதலாளி வரவழைத்திருந்தார். அங்கிருந்து வந்த மோனிஷா, யார் என்ன செய்கிறார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் குறித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நான்கு வயதில் சீட்டுக் கிழிந்தால் வேறு எவன் வேலை தருவான்? ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வேறு.

மறுநாள் காலை லாரி வந்து ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் மணியன் கேட் சாவியோடு இவரிடம் வந்து, "ஏனுங்க, ஒரு சங்கதி..." என்று ஆரம்பித்தார். தண்டாயுதபாணி சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

தாளில் 'கேட் திறக்கிறார்' என்று விழுந்தது. ருசி கண்ட மனிதர் விடுவாரா? கமலவேணி மடித்துக்கொண்டிருந்த பெட்ஷீட்டையும் பிடுங்கினார். முதுகு பிடித்துக்கொள்ளும் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். உட்காரச் சொல்லிவிட்டார். உட்கார்ந்தாள். கந்தப்பனின் மூட்டை கட்டும் வேலையும் இவரிடமே வந்தது. அவன் ஃபேனுக்குக் கீழே போய் நின்றான். மோனிஷா எல்லாவற்றையும் எழுதினாள். நான்காம் நாள் இடுப்பில் பிளாஸ்திரியோடு அவளிடம் போனார்.

"இந்தக் குடோனை நான் ஒருத்தனே ஓட்டிருவனுங்க அம்மிணி."

அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. தண்டாயுதபாணிக்கு வேலை உண்டு. மற்ற மூன்று பேருக்கும் இல்லை.

கமலவேணி ஒரு வார்த்தை திட்டவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "முதுகப் பாத்துக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பெட்ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதார்.

கடைசியாக மணியன் சொல்லிக்கொண்டு போக வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் பயத்தில் உங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று தண்டாயுதபாணி விம்மினார். மணியன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"மொத நாளே அந்தப் புள்ள எங்கிட்டச் சொல்லுச்சுங்க, இங்க ஆளு பத்தல, இன்னும் ரெண்டு பேரைப் போடச் சொல்லி எழுதப்போறேன்னு. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தனுங்க, நீங்க சாவியப் புடுங்கிட்டு ஓடிட்டீங்க."